38 கணினிகளில் ஆட்டோகேட் செட்டிங்ஸ் ஒரே மாதிரி நிற்க மாட்டேன் என்கிறது: உதவி தேவை

உபி டிராஃப்டர் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் உபி பகுதியில் இருக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் டிராயிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 38 கணினிகள். உபியில் 29, ஜூரோங் ஈஸ்ட் கிளையில் 9. எல்லாவற்றிலும் டிராயிங் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 2024. தனியாகக் கேட் மேனேஜர் கிடையாது, வரைகிற வேலையோடு இதுவும் என் தலையில்தான்.

போன வாரம் ஒரே டிராயிங்கை இரண்டு பேர் ஏ1 தாளில் பிரிண்ட் எடுத்தார்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். ஒன்றில் கம்பிக் கோடு கனமாக, பீம் விளிம்பு மெல்லியதாக, வர வேண்டியபடி வந்திருந்தது. மற்றதில் எல்லாக் கோடும் ஒரே தடிமன், அதுவும் கலர் கலராக. எழுத்தும் வேறு ஃபான்ட்டில் அகன்றுபோய், 'எச்13-200' (13 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டர் இடைவெளியில்) என்ற குறிப்பின் கடைசிச் சுழி ஹேட்ச் என்கிற நிரப்புக் கோடுகளுக்குள் மறைந்து 'எச்13-20' என்று நின்றது. சைட்டில் கம்பி கட்டுகிறவர் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதைவிட மோசமான ஒன்று. புதிதாகச் சேர்ந்த தம்பி திறந்த புது டிராயிங்கில், பொதுக் குறிப்புகளில் பழைய பிரிட்டிஷ் கான்கிரீட் விதிமுறையான 'பிஎஸ் 8110' என்று இருந்தது. இங்கே 2015 ஏப்ரல் முதல் ஐரோப்பிய விதிமுறையான யூரோகோடு மட்டும்தான். கையெழுத்துப் போடும் இன்ஜினியர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

நான் செய்தது: என் கணினியில் எல்லாவற்றையும் சரியாக வைத்து, அந்த செட்டிங்ஸின் தொகுப்பான புரொஃபைலை ஏஆர்ஜி கோப்பாக எடுத்தேன். இரண்டு சனிக்கிழமை வந்து ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து இம்போர்ட் செய்து, டெஸ்ட் பிரிண்டும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. திங்கட்கிழமை ஆட்கள் வந்து திறந்தால் பாதிக்கு மேல் பழையபடியே இருக்கிறது. சிலருக்கு நம் லிஸ்ப் கோப்பை (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சின்ன நிரல்) லோட் செய்யலாமா என்று ஆட்டோகேட் ஒவ்வொரு முறையும் கேட்கிறது. ஜூரோங்கில் திறக்கவே இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

காக்கி புக்கிட் ஐடி:

ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை நீங்கள் எந்த லாகினில் உட்கார்ந்து இம்போர்ட் செய்தீர்கள்?

உபி டிராஃப்டர்:

அட்மின் லாகினில். மற்றவர்களின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதே.

காக்கி புக்கிட் ஐடி:

அங்கேதான் முடிச்சு. ஆட்டோகேட் புரொஃபைல் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'கரன்ட் யூசர்' பகுதியில் உட்காரும். அது கணினிக்கானது அல்ல, லாகினுக்கானது. நீங்கள் 38 கணினிகளையும் அட்மினுக்குச் சரி செய்து வைத்திருக்கிறீர்கள். டிராஃப்டர் தன் லாகினில் வந்ததும் அவருடைய பழைய புரொஃபைல்தான் எழும். சரியாக வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள், ஏற்கெனவே அவர்களுக்கு யாராவது சரியாக வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று, அந்த ஏஆர்ஜி கோப்பை நோட்பேடில் திறந்து உங்கள் விண்டோஸ் பெயரைத் தேடுங்கள்.

உபி டிராஃப்டர்:

தேடினேன். நான்கு இடத்தில் இருக்கிறது. பிரிண்டில் கோட்டின் கனத்தையும் கலரையும் முடிவு செய்யும் சிடிபி கோப்புகளை என் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைத்திருந்தேன், அந்தப் பாதை அப்படியே என் பெயரோடு போயிருக்கிறது. அதாவது 37 கணினிகள் என் ஃபோல்டரைத் தங்களிடம் தேடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சனிக்கிழமை வீண்.

பழைய கேட்காரர்:

வீண் இல்லை தம்பி, எது எங்கே சேமிக்கப்படுகிறது என்பது இப்படித்தான் பிடிபடும். நான் ஷிப்யார்டிலும் கன்சல்டன்சியிலும் இதே வேலையைப் பல வருடம் செய்தவன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்டோகேட்டின் செட்டிங் ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். முதலாவது டிராயிங்குக்குள்: லேயர், டைமென்ஷன் ஸ்டைல், எல்டிஸ்கேல் (விட்டுவிட்டு வரும் கோட்டின் அளவு), யூனிட். இவை எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகும். சரியான டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தால் சரி, தவறான டெம்ப்ளேட்டில் பிறந்தால் கடைசி வரை தவறு. இரண்டாவது ரெஜிஸ்ட்ரி: சப்போர்ட் பாதை, பிளாட் ஸ்டைல் பாதை, ஃபான்ட் கிடைக்காதபோது எதைப் போடுவது, இப்படி. மூன்றாவது வெளிக் கோப்புகள்: சிடிபி, பிசி3 (பிரிண்டர் அமைப்பு), எஸ்எச்எக்ஸ் (ஆட்டோகேட்டின் சொந்த) ஃபான்ட், லிஸ்ப், மெனு.

உங்கள் இரண்டு பிரிண்ட்டையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். டிராயிங்குக்குள் சிடிபியின் பெயர் மட்டும்தான் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. அந்தப் பெயரில் கோப்பு கிடைக்காத கணினியில் பேனா கனம் எதுவும் பொருந்தாது. லேயரில் கனம் தனியாகக் கொடுக்காதிருந்தால் எல்லாமே டிஃபால்ட் 0.25 மில்லிமீட்டரில், அதனதன் கலரில் வரும். நீங்கள் பார்த்தது அதுதான். எஸ்எச்எக்ஸ் ஃபான்ட் கிடைக்காவிட்டால் மாற்றாக சிம்ப்ளெக்ஸ் வந்து உட்காரும், எழுத்தின் அகலம் மாறும். உங்கள் கடைசிச் சுழி அப்படித்தான் ஹேட்ச்சுக்குள் போனது.

ஆனால் நான் பயப்படுவது கோப்பு கிடைக்காத கணினியைப் பார்த்து அல்ல. அது கலரில் வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதே பெயரில் பழைய சிடிபி இருக்கிற கணினிதான் ஆபத்து. பிரிண்ட் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், 0.35 வர வேண்டிய இடத்தில் 0.25 வந்திருக்கும், ஒருவருக்கும் தெரியாது. முதல் வேலையாக 38 கணினிகளிலும் உங்கள் ஆபீஸ் சிடிபி பெயரைத் தேடி, கோப்பின் தேதியையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பிஎஸ் 8110' விஷயமும் இதே மாதிரிதான். பழைய டெம்ப்ளேட் யாருடைய சி டிரைவிலோ இன்னும் கிடக்கிறது.

உபி டிராஃப்டர்:

அண்ணே, தேடிப் பார்த்துவிட்டேன். ஒரே பெயரில் மூன்று விதமான சிடிபி. ஒன்றின் தேதி 2016. டெம்ப்ளேட் இன்னும் மோசம், ஐந்து விதம் இருக்கிறது. 2024 பதிப்பு போட்டபோது பழைய செட்டிங்கைக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு எல்லோரும் சரி என்று அழுத்தியிருக்கிறார்கள், பழையது எல்லாம் அப்படியே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் வைத்து, எல்லாக் கணினியையும் அதைப் பார்க்க வைத்தால் போதுமா?

தெம்பனிஸ் 21:

அப்படிச் செய்துதான் நாங்கள் மாட்டினோம். சர்வரில் இருக்கும் பாதை சப்போர்ட் வரிசையில் முன்னால் இருந்தால், ஆட்டோகேட் ஃபான்ட், மெனு, லிஸ்ப் ஒவ்வொன்றுக்கும் முதலில் அங்கே போய்த்தான் தேடும். சர்வர் மெதுவாக இருந்தாலோ, லேப்டாப்பில் விபிஎன் போடாமல் திறந்தாலோ ஒவ்வொரு தேடலும் காத்திருக்கும். உங்கள் ஜூரோங் கிளையில் இரண்டு மூன்று நிமிடம் ஆவது அநேகமாக இதனால்தான். இப்போதே சப்போர்ட் பாதையில் சர்வர் முகவரி ஏதாவது இருக்கிறதா, அல்லது நீக்கப்பட்ட டிரைவ் எழுத்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூலப்பிரதி சர்வரில் இருக்கட்டும். ஆனால் கணினி அதன் நகலை சி டிரைவில் வைத்து அதிலிருந்து வேலை செய்யட்டும்.

காக்கி புக்கிட் ஐடி:

தெம்பனிஸ் சொல்வதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். நகலெடுக்க, எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியில் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட் ஒன்று, அதில் விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பி ஒரே வரி. லாகான் ஸ்கிரிப்ட் வேண்டாம், ஸ்டார்ட்டப்பே போடுங்கள். அது கணினியின் பெயரில் ஓடும், அதனால் டிராஃப்டர்கள் எழுத முடியாத ஃபோல்டரிலும் அதனால் எழுத முடியும். ஆனால் சர்வர் ஷேரில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மிரர் முறையில் போட்டால் மூலத்தில் இல்லாத எல்லாம் நகலில் அழியும். சர்வர் கிடைக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும், பரவாயில்லை. சர்வர் ஃபோல்டரை யாராவது தவறுதலாகக் காலி செய்துவிட்டால் மறுநாள் காலை 38 கணினியும் காலி. மூல ஃபோல்டரில் எழுதும் அனுமதி உங்களுக்கும் இன்னொருவருக்கும் மட்டும் இருக்கட்டும்.

பழைய கேட்காரர்:

நகல் வந்தாயிற்று. இனி ஆட்டோகேட் அதைப் பார்க்க வேண்டும். பலர் ஷார்ட்கட்டில் புரொஃபைல் ஸ்விட்ச்சைப் போட்டு ஏஆர்ஜியைக் கொடுப்பார்கள். அதில் இரண்டு ஓட்டை. அதே பெயரில் புரொஃபைல் ஏற்கெனவே இருந்தால் கோப்பை மறுபடி படிக்காது, நீங்கள் மாற்றியது போய்ச் சேராது. அப்புறம், டிராயிங்கை டபுள் கிளிக் செய்து திறப்பவர் ஷார்ட்கட் பக்கமே வர மாட்டார்.

குரூப் பாலிசியால் நேராக ரெஜிஸ்ட்ரியில் எழுதலாம்தான். ஆனால் அந்தப் பாதையில் பதிப்பு எண், புராடக்ட் கோடு, புரொஃபைல் பெயர் எல்லாம் இருக்கும், பதிப்பு மாறும்போதெல்லாம் திரும்ப எழுத வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது பண்டில் முறை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஆட்டோடெஸ்க், அதற்குள் அப்ளிகேஷன் பிளகின்ஸ் என்ற ஃபோல்டர். அதில் உங்கள் கோப்புகள் அடங்கிய பண்டில் ஃபோல்டர் ஒன்றை வைத்தால் அந்தக் கணினியில் எந்த லாகினில் யார் திறந்தாலும், டபுள் கிளிக்கில் திறந்தாலும், லோட் ஆகும். அதற்குள் ஒரு சின்ன லிஸ்ப்: சப்போர்ட் பாதையின் முதலில் ஆபீஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் சேர். பிளாட் ஸ்டைல் பாதை, பிசி3 பாதை, புது டிராயிங்குக்கான டெம்ப்ளேட், இவற்றையும் அப்படியே. ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் இது ஓடும், அதனால் வேறுபட்டால் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

லிஸ்ப் லோட் செய்யலாமா என்று கேட்கிறதே, அதுவும் இதில் தீரும். 2014 பதிப்பிலிருந்து செக்யூர்லோட் என்று ஒரு காவல் இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருப்பதை அது நம்பும். தயவுசெய்து செக்யூர்லோடைச் சுழியம் ஆக்கி அணைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஜிப் கோப்போடு கெட்ட லிஸ்ப் கோப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து, பிராஜெக்ட் ஃபோல்டர் முழுக்கப் பரவியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிசி3 பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் பிரிண்டரின் பெயர் இருக்கும். உபியில் ஒரு பெயர், ஜூரோங்கில் வேறு பெயர் என்றால் பேஜ் செட்டப் திறக்கும்போது பிரிண்டர் 'நன்' என்று விழும். டிராயிங்கில் பிடிஎஃப் பிசி3 மட்டும் வையுங்கள், தாளில் எடுப்பதைப் பிடிஎஃபிலிருந்து எடுக்கட்டும்.

கிளெமென்டி வரைவாளர்:

நான் மேனேஜர் இல்லை, வரைகிறவள். ஒரு வேண்டுகோள். எங்கள் கம்பெனியில் இப்படி ஒருமுறை செய்தபோது என் கட்டளைச் சுருக்கங்கள் எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. பத்து வருடம் என் இடது கை பழகியது. ஒரு வாரம் ஊமை போல வேலை செய்தேன். கம்பெனிக்கு வேண்டியது பிரிண்ட் சரியாக வருவது. திரை நிறம், டூல்பார் எங்கே இருக்கிறது, எந்த எழுத்தைத் தட்டினால் எது வரும் என்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

பழைய கேட்காரர்:

தங்கை சொல்வது நூற்றுக்கு நூறு சரி, நான் விட்டுவிட்டேன். கட்டளைச் சுருக்கங்கள் இருக்கும் பிஜிபி கோப்பில் ஒரு சிக்கல்: சப்போர்ட் வரிசையில் முதலில் கிடைப்பதை மட்டும் ஆட்டோகேட் எடுக்கும், இரண்டையும் சேர்க்காது. ஆபீஸ் ஃபோல்டரில் பிஜிபி வைத்தால் எல்லோருடைய சுருக்கமும் போய்விடும். அதனால் பிஜிபி அங்கே வைக்கவே கூடாது. மெனுவுக்கு என்டர்பிரைஸ் சியுஐ என்ற பொது மெனுக் கோப்பைப் பயன்படுத்துங்கள். ஆபீஸ் ரிப்பன் படிக்க மட்டும் வரும், அவரவர் மெயின் மெனு அவரவர் கையில் இருக்கும்.

தெம்பனிஸ் 21:

3டி கட்டட மாதிரி மென்பொருளான ரெவிட் இருந்தால் அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். கட்டடத் திட்டங்களை அரசிடம் சமர்ப்பிக்கும் கோர்நெட் எக்ஸ் வந்துவிட்டது. 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புது பிராஜெக்ட்டுகளுக்கு 2025 அக்டோபர் முதல் கட்டாயம், மற்ற புதியவற்றுக்கு 2026 அக்டோபர். ஷேர்டு பாராமீட்டர் கோப்பு ஆளுக்கு ஒன்றாக இருந்தால் அங்கே சமர்ப்பிக்கும் கோப்பு வடிவமான ஐஎஃப்சி எஸ்ஜி ஏற்றுமதியில் விவரம் விடுபடும். ரெவிட் ஐஎன்ஐ கோப்பு முதல் முறை திறக்கும்போதுதான் புரோகிராம் டேட்டாவிலிருந்து யூசருக்கு நகலாகும். ஏற்கெனவே திறந்தவர்களுக்கு அங்கே மாற்றினால் போய்ச் சேராது.

உபி டிராஃப்டர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ரெவிட்டை அடுத்த மாதம் தொடுவேன், முதலில் இது.

பண்டில் முறைதான் போட்டேன். முதலில் மூன்று கணினியில் மட்டும் இரண்டு நாள் ஓட விட்டு, அப்புறம் எல்லாவற்றிலும். டொமைன் கம்ப்யூட்டர்ஸ் அனுமதியை முன்பே சொன்னதற்கு நன்றி, எங்கள் ஷேரில் அது இல்லைதான். ஜூரோங்கில் சப்போர்ட் பாதையில் 2019 வாக்கில் எடுத்துவிட்ட சர்வரின் பெயர் இன்னும் இருந்தது. அதை நீக்கியதும் இருபது வினாடிக்குள் திறக்கிறது. பழைய டெம்ப்ளேட் ஐந்தையும், சிடிபி மூன்றில் இரண்டையும் ஒரு பூட்டிய ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். பழைய பிராஜெக்ட் கேட்டால் எடுக்க வேண்டுமே என்று அழிக்கவில்லை.

பிஜிபியைத் தொடவில்லை. அதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொன்னபோது டிராஃப்டர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கிளெமென்டி தோழிக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று அதே டிராயிங்கை உபியில் ஒன்று, ஜூரோங்கில் ஒன்று, புதுத் தம்பியின் லாகினில் ஒன்று என்று மூன்று பிரிண்ட் எடுத்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கோடுகள் பொருந்தின. 'எச்13-200', சுழி இரண்டும் ஹேட்ச்சுக்கு வெளியே.

ஒரு கேள்வி பாக்கி. கிளையண்ட் அனுப்பும் டிராயிங்கில் அவர்களுடைய லேயர் பெயர்கள் வருகின்றன. நாங்கள் சிங்கப்பூரின் கேட் விதிமுறையான சிபி 83 முறையில் வைத்திருக்கிறோம். கையால்தான் மாற்ற வேண்டுமா?

பழைய கேட்காரர்:

வேண்டாம். லேயர் டிரான்ஸ்லேட்டர் இருக்கிறது. ஒருமுறை எது எதுவாக மாற வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சேமித்தால் அடுத்த முறை அதே கிளையண்டுக்கு அப்படியே ஓட்டலாம். அந்தக் கோப்பையும் ஆபீஸ் ஃபோல்டரிலேயே, கிளையண்ட் பெயர் போட்டு வையுங்கள். மாற்றும் முன் மூல டிராயிங்கின் ஒரு பிரதியைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.