ஒரே டேட்டா, ஆர்-ல ஒரு பி வேல்யூ பைதான்ல வேற ஒண்ணு, எதை நம்புறது?

கத்துக்குட்டி:
வணக்கம் மக்களே. ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு செக்ஷன் பசங்களோட மார்க் வச்சிருக்கேன், செக்ஷனுக்கு 12 பேர், 20க்கு மார்க். நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன்ல வரல, அவுட்லையர் வேற இருக்கு, அதனால டி டெஸ்ட் வேணாம், மார்க்க ரேங்க் ஆக்கி ரெண்டு க்ரூப்ப ஒப்பிடுற மான்-விட்னி டெஸ்ட் போடுன்னு கைடு சொன்னாங்க. ஆர்-ல வில்காக்ஸ்.டெஸ்ட் போட்டா ஸ்டாட்டிஸ்டிக் டபிள்யூ 104, பி (நிஜத்துல வித்தியாசமே இல்லைன்னா இவ்வளவோ இதுக்கு மேலயோ கேப் தற்செயலா வர வாய்ப்பு) 0.067, கூடவே டை (ஒரே மார்க் பல பேருக்கு) இருக்கு, எக்ஸாக்ட் பி கணக்கு போட முடியாதுன்னு ஒரு வார்னிங். லேப் சிஸ்டத்துல சைபை (பைதானோட கணக்கு லைப்ரரி) வச்சு ஓட்டினா ஸ்டாட்டிஸ்டிக் 40, பி 0.0335. ஒண்ணு 0.05க்குக் கீழ, அதாவது சிக்னிஃபிகன்ட், இன்னொண்ணு இல்ல! ஒரே சிஎஸ்வி தான், ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன். நாளைக்கு ரிவ்யூ, தலை சுத்துது. மான்-விட்னி கேட்டா ஆர் எதுக்கு வில்காக்ஸன்னு தலைப்பு போடுதுன்னும் புரியல.

மொட்டைமாடி:
கன்டின்யூட்டி கரெக்ஷனா (தோராயக் கணக்குல பண்ற ஒரு சின்னத் திருத்தம்) இருக்கும் பாஸ், ஆர்-ல அதை ஆஃப் பண்ணிப் பாருங்க.

ரேங்க்ராசா:
அது இல்லங்க. ரெண்டுலயுமே டீஃபால்ட்டா அது ஆன்ல தான் இருக்கும், எடுத்தாலும் 0.063 பக்கம் தான் வரும். 0.0335ஐ ரெண்டால பெருக்கிப் பாருங்க, கரெக்டா 0.067. உங்க லேப்ல இருக்கறது பழைய சைபை, 1.7க்கு முந்தினது. அதுல ஆல்டர்னேட்டிவ்னு (எந்தப் பக்க வித்தியாசத்தத் தேடுறோம்னு) எதுவும் குடுக்காம விட்டா டூ சைடட் (ரெண்டு பக்க வித்தியாசத்தையும் கணக்குல எடுக்கற) பி-யில பாதியைத் தான் குடுக்கும், 1.7ல தான் டூ சைடட்ட டீஃபால்ட் ஆக்குனாங்க. எத்தனை பேர் இதைக் கவனிக்காம தீசிஸ்ல போட்டிருப்பாங்களோ 😅

104, 40 ரெண்டும் சரி தான். கூட்டினா 144, அதாவது 12 x 12. ஆர் முதல் க்ரூப்போட யூ-வ (இந்த டெஸ்டோட ஸ்டாட்டிஸ்டிக்) காட்டுது, பழைய சைபை ரெண்டுல சின்னதைக் காட்டுது. பேர் விஷயம், வில்காக்ஸன் 1945ல போட்டாரு, மானும் விட்னியும் 1947ல அதையே யூ-ன்னு வேற வடிவத்துல குடுத்தாங்க, டெஸ்ட் ஒண்ணு தான்.

வார்னிங்குக்கு பயப்படாதீங்க. 20க்கு மார்க்னா ஒரே மார்க் பல பேருக்கு வரத்தான் செய்யும், அப்ப ஆர் நார்மல் அப்ராக்ஸிமேஷனுக்கு (நார்மல் கர்வ் வச்சு தோராயமா பி கணக்கு) போயிடும். எக்ஸாக்ட்டா வேணும்னா ஆர்-ல காயின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, டை இருந்தாலும் போடும்.

கத்துக்குட்டி:
அண்ணா தெய்வமே, வெர்ஷன் 1.5.2! டூ சைடட்னு குடுத்தேன், பி 0.067 வந்துடுச்சு, ஸ்டாட்டிஸ்டிக்கும் இப்ப 104னே காட்டுது. ஆனா ஒன் சைடட்னு சொல்லி 0.0335ஐயே போட்டுக்கலாமா? புது முறையில நடத்துன செக்ஷன் தான் மார்க் அதிகம் வாங்கும்னு எப்படியும் நெனச்சோம்ல.

ரேங்க்ராசா:
நெனச்சீங்க சரி, ப்ரபோசல்ல எழுதினீங்களா? ரிசல்ட்டப் பார்த்துட்டு சைடு மாத்துறது கள்ளாட்டம். 0.067னே போடுங்க, கூட ரெண்டு க்ரூப்போட மீடியனும் பாக்ஸ் ப்ளாட்டும் வைங்க, ரிவ்யூல அதைப் பத்தி தான் கேப்பாங்க.

கத்துக்குட்டி:
எழுதல 🙈 சரிண்ணா, 0.067.