பால் புட்டியைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பும் ஆட்டுக்குட்டிகள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆனேக்கல்காரன்:

எங்கள் தலைச்சேரி ஆடு இந்த முறை மூன்று போட்டது. காம்பு இரண்டுதானே, கிடாக்குட்டிகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன. பெட்டைக்குட்டி வயிறு ஒட்டிப்போய் ஓரமாக நின்றது. சீம்பால் தாயிடமே குடித்துவிட்டதால் அதற்கு மடியின் ருசி தெரியும். அதனாலேயே புட்டி என்றால் வாயை இறுக்கிக்கொள்ளும். எப்படியோ நிப்பிளை உள்ளே வைத்தாலும் சப்பாது, சும்மா மென்றுகொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "கைக்குழந்தை மாதிரி மடியில மல்லாத்திப் போட்டுக் குடுப்பா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். குட்டி நின்றபடி கழுத்தை நீட்டி, தலையைக் கொஞ்சம் தூக்கிச் சப்பும்போதுதான் உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, ஆட்டின் நாலு அறை வயிற்றில் பாலை முதல் அறையில் தங்கவிடாமல் நேரே நான்காம் அறைக்கு அனுப்பும். மல்லாத்தி ஊற்றினால் புரையேறும், பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கடைசியில் கொட்டகையில் உட்கார்ந்து கிடாக்கள் குடிப்பதைப் பார்த்தேன். தலை தாயின் தொடைச் சந்தில், முழு இருட்டு. தாய் திரும்பி வாலடியை முகர்ந்து நக்குகிறது. சரி, நாமும் அதையே செய்வோம் என்று குட்டியின் பின்பக்கம் என் பக்கமாக இருக்க முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினேன். இடது கையால் தாடையைத் தாங்கி, அதே கை விரல்களால் கண்ணை மூடினேன். நிப்பிளை அழுத்தி நாக்கின்மேல் ஒரு சொட்டு விட்டேன். என் மகள் வாலடியை விரலால் சொறிந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நாக்கு நிப்பிளைச் சுற்றி மடிவது கைக்கே தெரிந்தது, வால் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வால் ஆடினால் பால் இறங்குகிறது என்று பொருள். வேறு சாட்சி வேண்டாம்.

கே.ஆர்.புரம் அக்கா:

தம்பி சொன்ன கண்ணை மூடுகிற வித்தை எனக்கும் பலித்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் புட்டியை எடுக்கவே கூடாது. நம்ம பெங்களூரு டிசம்பர் ராத்திரி ஆளுக்கே ஸ்வெட்டர் கேட்கிறது, ஈரம் காயாத குட்டி என்ன செய்யும்? குளிர்ந்த குட்டிக்குச் சப்பும் தெம்பு இருக்காது, உள்ளே போன பாலும் செரிக்காது. சாக்கில் சுற்றி, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் இரண்டு வையுங்கள். வாய்க்குள் சூடு திரும்பி, அதுவே தலையைத் தூக்கித் தேட ஆரம்பித்த பிறகு பால். ஆட்டின் உடம்புச் சூடே 39 டிகிரி சுற்றி இருக்கும், நமக்கு இருப்பதைவிடக் கூடுதல். நம் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு ஆறின பால்தான். நான் பாதிப் பாலிலேயே பாட்டிலை வெந்நீர் மக்கில் திரும்ப வைத்து எடுப்பேன். "நேத்து குடிச்சது, இன்னிக்கி மாட்டேங்குது" என்கிற புகாரில் பெரும்பாலும் இந்தச் சூட்டு விஷயம்தான் இருக்கும்.

நிப்பிள் மருந்துக்கடையில் கிடைக்கிற குழந்தை நிப்பிளே போதும். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். ஓட்டையைப் பெரிசாக்கினால் சீக்கிரம் வேலை முடியும் என்று நினைக்கிறவர்கள் பக்கத்திலேயே டாக்டரையும் நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும்.

சிவாஜிநகர் மாடிவீடு:

நான் வாங்கி வந்தது மூன்று வாரக் குட்டி, தாயோடு திரிந்தது. கண்ணை மூடினேன், வாலைச் சொறிந்தேன், துரை அசையவில்லை. ராத்திரி ஒரு வேளை பட்டினி போட்டு விடியற்காலையில் கொடுத்ததும் இழுத்துக் குடித்தது. பசியை மிஞ்சிய வாத்தியார் கிடையாது என்பது என் கட்சி.

கே.ஆர்.புரம் அக்கா:

உங்கள் குட்டி கொழுத்த குட்டி, தாங்கியது. பிறந்து இரண்டு நாளான சவலைக் குட்டியிடம் இதைச் செய்தால் விடியற்காலையில் குடிக்க அது இருக்காது. பட்டினிப் பாடம் எல்லாம் துள்ளித் திரிகிற குட்டிக்கு மட்டும். இன்னொன்று, பட்டினி போட்ட குட்டிக்கு ஒரே மூச்சில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். கழிச்சல் வரும், துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோயும் அப்படித்தான் உள்ளே நுழையும்.

சிவாஜிநகர் மாடிவீடு:

சரிக்கா, ஒப்புக்கொள்கிறேன். அளவு எவ்வளவு வைக்கலாம்?

கே.ஆர்.புரம் அக்கா:

மூன்று கிலோ குட்டி என்றால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் போல, நாலு வேளையாகப் பிரித்து. ஆட்டுப்பால் இல்லாவிட்டால் கொழுப்பு எடுக்காத பசும்பால். தண்ணீர் கலக்காதீர்கள். குடித்து முடித்ததும் பக்கவாட்டில் வயிறு ஒட்டாமல் நேராக இருந்தால் போதும், உப்பி இருக்கக் கூடாது. மூக்கு வழியாகப் பால் வந்தாலோ, குடித்த பின் இருமி மூச்சு வாங்கினாலோ ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். நான் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஆனேக்கல்காரன்:

அக்கா, என் கவலை இப்போது வேறு மாதிரி. பெட்டைக்குட்டி கேட் சத்தம் கேட்டாலே வந்து முழங்காலை முட்டுகிறது. கூரியர் பையனையும் விடுவதில்லை. அகத்திக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் கிடாக்கள் கடிக்கின்றன, இது மோந்துவிட்டு என் கையைப் பார்க்கிறது. இரண்டரை மாதத்தில் பாலை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். வேளையைக் குறைப்பதா, அளவைக் குறைப்பதா?

கே.ஆர்.புரம் அக்கா:

வேளையைக் குறையுங்கள். முதலில் மதியப் பால். அந்த நேரத்தில் கிடாக்களோடு சேர்த்தே கட்டுங்கள், பார்த்துப் பார்த்துக் கடிக்கப் பழகும். ராத்திரிப் பாலைக் கடைசியாக நிறுத்துங்கள்.