காது, மூக்கு, தொண்டை ஆய்வுகளில் பெயர் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

அமராவதிக்கரை:

அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புண். பயாப்சி வந்துவிட்டது, ஆரம்ப நிலைப் புற்று. இங்கே இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் வந்து அப்பாவின் கழுத்தை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பார்த்தார். காதுக்கு அடியிலிருந்து காறை எலும்பு வரைக்கும், ஒரு அவசரமும் இல்லாமல். "நோடு, அதான் நெறிக்கட்டி, எதுவும் தட்டுப்படல. ஸ்கேன்லயும் இல்ல. ஆனா கழுத்தையும் சேர்த்துத் திறந்து எடுத்துடலாம்" என்றார்.

"இல்லாததை எதுக்கு சார் எடுக்கணும்?" என்று கேட்டார் அப்பா.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மும்பை டாடா மெமோரியல் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அப்பாவைப் போல ஆரம்ப நிலை வாய்ப்புற்று வந்தவர்களை 2004 முதல் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்தும் சேர்த்து. மறு குழுவுக்கு, கழுத்தில் கட்டி தெரிந்தால் மட்டும் அப்போது. 2015இல் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, முதல் குழுவில் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5. முதலிலேயே கழுத்தைத் திறந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு, கைக்குத் தட்டுப்படாமலே உள்ளே பரவியிருந்ததாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டாவது குரூப்பில இருந்தவங்க யாரு சார்?" என்றார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் பி.பி. பார்க்க வந்துவிட்டார். பேச்சு அதோடு போயிற்று.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இடது கை மட்டும் தோளுக்கு மேல் ஏறவில்லை. கொடியில் வேட்டி போட அம்மாவைக் கூப்பிடுகிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்படி ஆய்வுகளில் நேரடியாக இருந்தவர்கள் உண்டா? குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தீர்கள்?

தலைசுற்றி:

நான் இருந்தேன். உங்கள் அப்பா அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. பி.பி.பி.வி., படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுமே, அதுதான். காதுக்குள் இருக்கிற கல் இடம் மாறுகிற கோளாறு. ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆய்வு என்றார்கள். ஒரு குழுவுக்கு அந்தக் கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்துகிற எப்ளி முறை, இன்னொன்றுக்குப் போலி முறை. இரண்டிலும் படுக்கவைத்துத் தலையைத் திருப்புவார்கள், எது எது என்று நமக்குத் தெரியாது.

முதலில் சோதனை. உட்காரவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்திவிட்டார்கள். தலை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. சில விநாடி ஒன்றுமில்லை. "ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்று சொல்ல வாயெடுத்தேன், அணைத்து வைத்திருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் கண்ணை இறுக்கிக்கொள்ள, ஒரு பி.ஜி. டாக்டரம்மா கட்டைவிரலால் என் இமையைத் தூக்கிப் பிடித்து, "மூடாதீங்க சார், எங்களுக்குக் கண்ணுதான் வேணும்" என்றார். சுற்றும்போது கண்மணி துடிக்குமாம், அதைப் பார்க்க நான்கைந்து தலைகள் என் முகத்துக்கு மேலே. ஒருவர் மொபைலில் படம் பிடிக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அழகா வருது பாருங்க!"

எனக்கு வாந்தி வருகிறது. அவர்களுக்கு அழகாக வருகிறது. இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்புறம் வைத்தியம் என்று இடப்பக்கம் திருப்பினார்கள். கோளாறு வலது காதில். அப்போதே சந்தேகம்தான். மறுநாள் காலை எழுந்தால் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த வாரம் போனபோது வலப்பக்கம் சரியாகச் செய்தார்கள், அன்றோடு போயிற்று. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்ட தாளில் எல்லாம் இருந்தது. ஆனால் எப்ளி தன் முறையை எழுதி வெளியிட்டது 1992இல். இத்தனை காலம் கழித்து இன்னும் எதற்குப் போலிக் குழு என்று வீட்டில் கேட்டாள். எனக்கும் புரியவில்லை.

நெக்கார்க்கரை:

எனக்கு மெனியர் வருத்தம். காது அடைக்கும், இரையும், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஊர் யாழ்ப்பாணம், இருப்பது ஜெர்மனி. பீட்டாஹிஸ்டின் குளிசை வருடக்கணக்காக எடுத்தேன். சுற்றுவதும் குறைந்தது. போன இடமெல்லாம் அதை எடுக்கச் சொல்லி மற்றவர்களுக்கும் சொன்னேன்.

வீடு மாறியதால் புது வைத்தியர். அவர் ஒரு ஆய்வைப் பற்றிக் கதைத்தார். இந்த நாட்டிலேயே செய்தது, 2016இல் வெளிவந்தது. 221 பேர், மூன்று குழு, ஒன்பது மாதம். ஒரு குழுவுக்குக் கூடின அளவு, ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. மூன்று குழுவிலும் சுற்றல் குறைந்திருக்கிறது. ஒரே அளவில்.

"அப்ப எனக்குக் குறைஞ்சது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் குறைந்தது உண்மைதான்" என்றார். சொல்லிவிட்டு அதே குளிசைக்குத் துண்டு எழுதித் தந்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த மனிசன் என்ன சொன்னார் என்று இன்னும் விளங்கவில்லை.

மருந்துக்கடை பாண்டி:

நெக்கார்க்கரை சார், அந்த மாத்திரையை என் கடையில் தினமும் கொடுக்கிறேன். ரசீது எடுக்கும்போதே "பாதி சரியாப் போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. வெறும் மாத்திரை என்றால் ஒன்றுமே நடக்காது என்று நினைக்காதீர்கள். மெனியரே ஏறி இறங்குகிற வியாதி. மோசமாக இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், அப்புறம் தானாகக் கொஞ்சம் தணியும், பேர் மாத்திரைக்குப் போகும்.

என் கதை சின்னது. ஒருநாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூடவில்லை. முகவாதம். சித்தப்பா மந்திரிக்கக் கூட்டிப் போகிறேன் என்று ஆட்டோவே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சரியாயிற்று. ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டை ஆரம்பித்தவர்களில் ஒன்பதாம் மாதம் முழுக்கக் குணமானவர்கள் 94 சதவீதம் பேர், அது இல்லாதவர்களில் 82 சதவீதம் பேர். கவனியுங்கள், ஸ்டீராய்டு இல்லாமலே 82. மந்திரிக்கிறவர் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று இப்போது புரிகிறதா?

இனி ஆய்வில் சேரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள், தமிழில் இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம். ஒரு பிரதி வீட்டுக்கு வர வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கிறதா பாருங்கள், பிரச்சினை என்றால் அங்கேதான் பேச வேண்டும். எந்த நாளிலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வுக்காகவே எடுக்கிற ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு யார் காசு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பின்னால் கூச்சப்படாதீர்கள். புது மருந்துச் சோதனையில் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் 2019 விதிகளில் வழி இருக்கிறது. மருந்துச் சோதனை என்றால் தொடங்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது. ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அமராவதிக்கரை தம்பி, அப்பாவின் தோளுக்குப் போகிற நரம்பு அந்தக் கழுத்து வழியாகத்தான் ஓடுகிறது. அதை அறுக்காமல் காப்பாற்றினாலும் கொஞ்ச காலம் அசந்துவிடும். பிசியோதெரபி உடனே ஆரம்பிக்க வேண்டும். சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி, காலையும் மாலையும். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

அமராவதிக்கரை:

பாண்டி அண்ணா, பிசியோதெரபிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்திலேயே போக ஆரம்பித்துவிட்டார். நான் தோளைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒலிபுகா அறை:

நான் மறுபக்கத்து ஆள். ஆடியாலஜிஸ்ட். செவிப்பறை ஓட்டையை அடைக்கிற ஆபரேஷனில் குருத்தெலும்பு வைப்பதா, பொட்டுப் பக்கத்துத் தசையின் மேலுறையை வைப்பதா என்று ஒப்பிடுகிற ஒரு பி.ஜி. தீசிஸ். ஆபரேஷனுக்குப் பிறகு கேட்கும் திறனை அளப்பது என் வேலை. யாருக்கு எதை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது, அதுதான் ஏற்பாடு.

ஒரு தாத்தா வந்தார். ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் மட்டும் அழுத்துங்கள் என்றேன். பத்து டெசிபல் இறக்கி, ஐந்து ஏற்றி, வழக்கம்போலப் போகிறது. ரொம்ப நன்றாகக் கேட்கிறது. எனக்கே சந்தோஷம். ஒரு இடத்தில் ஃபைலைப் புரட்ட நிறுத்தினேன். ஒலியே கொடுக்கவில்லை. விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தாத்தா என்னையே பார்த்தபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

கதவைத் திறந்து, "கேட்டாத்தான் தாத்தா அழுத்தணும்" என்றேன்.

"கேக்குது தாயி."

"இப்ப நான் சத்தமே வைக்கலையே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த டாக்டர் தம்பி ராத்திரி பகல் பாக்காம வந்து கவனிச்சான். காது குருத்தை எடுத்து உள்ள வெச்சிருக்கேன், நல்லாக் கேக்கும்னு சொன்னான். கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு கோளாறு. எந்தக் குழு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை எடுத்த அளவும் போயிற்று. ஒலிக்கு நடுவே இடைவெளியை முன்பின்னாக மாற்றி, என் கை தெரியாதபடி அவரைத் திரும்பி உட்காரவைத்து, முதலிலிருந்து எடுத்தேன். நிஜ அளவு கொஞ்சம் குறைவுதான், ஆனால் மோசமில்லை. கிளம்பும்போது கேட்டார்: "இதுனால அந்தத் தம்பிக்கு மார்க்கு குறையுமா தாயி?"

தலைசுற்றி சார், உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தத் தாத்தாதான். டாக்டருக்காகக் குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு உங்கள் கோளாறு பலருக்கும் சில வாரங்களில் தானாகவே போகிற ஒன்று. போலிக் குழு இல்லை என்றால் கல் நகர்ந்ததால் சரியானதா, நாள் கடந்ததால் சரியானதா என்று பிரிக்க முடியாது. எப்ளி வேலை செய்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்வதே அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான். அதே கேள்வியை மறுபடி கேட்க மறுபடியும் போலிக் குழு வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். புது முறை ஒன்றை எப்ளியோடு ஒப்பிட்டிருக்கலாம்.

மார்த்தாண்டம் மருமகள்:

அமராவதிக்கரை, குலுக்கல் ஆளுக்கு ஆள்தான் நடக்க வேண்டும் என்றில்லை. ஊருக்கு ஊரும் நடக்கும். எங்கள் அத்தை திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே 1996இல் 13 பஞ்சாயத்துகளை எடுத்து, ஏழு பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். ஆறில் பார்க்கவில்லை, வழக்கமான வைத்தியம் மட்டும். டாக்டர் சங்கரநாராயணன் குழுவின் ஆய்வு, 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வந்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிப் பிள்ளைகள்.

அத்தை வெற்றிலையும் புகையிலையும் எந்நேரமும் அடக்கி வைத்திருப்பார். டார்ச்சோடு ஒரு பையன் திண்ணைக்கு வந்து வாயைத் திறக்கச் சொன்னான். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா சாகும்வரை அவர் முன்னால்கூட வாயைத் திறந்து சிரித்தது கிடையாது, பல்லெல்லாம் காவி. பையன் போகவில்லை. "அம்மச்சி, என் அம்மாவும் முறுக்கான்தான் போடுவா, அவ வாயையும் நான்தான் பார்த்தேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். அத்தை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. அனுப்பிவைத்த இடத்தில் காட்டி, எடுத்தாயிற்று. நெடுநாள் இருந்தார். புகையிலையை விட்டேன் என்று சொல்லிவிட்டு மடியில் முடிந்து வைத்திருந்தது வேறு கதை.

புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களில், பார்த்த ஊர்களில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. உங்கள் அப்பா கேட்ட ரெண்டாவது குரூப் ஆட்கள் எனக்குத் தெரிந்தவர்கள். அத்தையின் நாத்தனார் பார்க்காத பஞ்சாயத்தில் இருந்தார். அவரும் அதே புகையிலைதான். அவருக்கு ஒன்றும் வரவில்லை, இப்போதும் இருக்கிறார். அதனால் இந்தக் குலுக்கலில் யார் தோற்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையனிடம் பக்கத்து ஊருக்கு ஏன் போகவில்லை என்று அத்தை கேட்டாராம். "அங்க போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கு அம்மச்சி" என்றானாம்.

மருந்துக்கடை பாண்டி:

அந்த ஆறு பஞ்சாயத்தில் வழக்கமான வைத்தியம் எதையும் யாரும் நிறுத்தவில்லை, அம்மா. பார்த்தால் பயன் உண்டா என்பதே அன்று தெரியாது. தெரிந்துகொண்டே விட்டால்தான் தப்பு. வாய்ப்புண் மூன்று வாரத்துக்குமேல் ஆறவில்லை என்றால் எல்லோரும் காட்டிவிட வேண்டும், களிம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. இன்னும் நிறைய இருக்கிறது, கடையில் கூட்டம், ராத்திரி எழுதுகிறேன்.

தலைசுற்றி:

ஒலிபுகா அறை மேடம், நீங்கள் சொன்னது புரிகிறது. தானாகப் போகுமோ போகாதோ என்று பார்க்க ஒரு குழு வேண்டும், சரி. ஆனால் நான் பெயிண்டர். சாரம் ஏறினால்தான் கூலி. போலி முறைக்கும் சரியான முறைக்கும் நடுவே இருந்த அந்த வாரம் முழுக்க ஏறவில்லை. பஸ் காசு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். கூலியைப் பற்றிப் படிவத்தில் ஒரு வரி இல்லை. அந்த மாதிரி ஆய்வு எழுதும்போது அதைச் சேர்க்கச் சொல்லி நெறிமுறைக் குழுவில் யாராவது கேட்பார்களா? உங்கள் இடத்தில் எப்படி?