1999 எம்எக்ஸ்-5: இறக்கின பிறகு முன் வீல் உரசுது, ஒரு பக்கம் உயரமா நிக்குது

எம்கே_கார்த்தி:
வணக்கம். மில்டன் கீன்ஸ்ல இருக்கேன். வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, என்பி (ரெண்டாவது தலைமுறை), 1.8 லிட்டர். கம்பெனி அலாயைக் கழட்டிட்டு செகண்ட்ஹேண்ட்ல வாங்கின 15க்கு 8 இஞ்ச் (விட்டம், அகலம்), ஆஃப்செட் 20 வீல் போட்டிருக்கேன். ஆஃப்செட்னா வீலோட நடுக்கோட்டுக்கும் அது வண்டியில ஒட்டுற முகத்துக்கும் இடையில உள்ள தூரம், மி.மீ.ல. டயர் 205/50 (205 மி.மீ. அகலம், பக்கவாட்டு உயரம் அதுல 50%). கூடவே காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் செட்) போட்டு 40 மி.மீ. இறக்கியாச்சு.

இப்போ என்னன்னா, ரவுண்டபவுட்ல ஒடிக்கும்போது முன்னாடி டயர் எங்கேயோ உரசுது. இந்த ஊர்ல ரவுண்டபவுட் இல்லாம பால் வாங்கக்கூட போக முடியாது. ரெண்டாவது, முன் இடது பக்கம் வலதை விட 8 மி.மீ. உயரமா இருக்கு. 60 மைலுக்கு மேல போனா ஸ்டீயரிங் வேற நடுங்குது, பேலன்ஸ் பண்ணியும் சரியாகல.

பாக்க டயருக்கு மேல இன்னும் கேப் தெரியுது, இன்னும் ஒரு 15 மி.மீ. இறக்கலாமா? பின்னாடி வீல் கொஞ்சம் உள்ள இருக்கிற மாதிரி இருக்கு, 10 மி.மீ. ஸ்பேசர் (வீலை வெளிய தள்ளுற தட்டு) போடலாம்னு ஐடியா. ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பை உருட்டி மடிச்சுடுன்னு சொல்றான்.

டயர்பே_ரவி:
நடுக்கத்துக்கு மட்டும் சொல்றேன் ப்ரோ. உங்க ஹப்போட (வீல் மாட்டுற நடுப்பகுதி) நடு விட்டம் 54.1 மி.மீ. வெளியில வாங்குற அலாய் நிறைய 73.1ல வரும், எல்லா காருக்கும் பொருந்தணும்னு. நடுவுல ரிங் போட்டாத்தான் வீல் ஹப்புல சென்டரா உக்காரும். ரிங் இல்லாட்டி நட்டை நம்பித்தான் நிக்கும், கொஞ்சம் தள்ளி உக்காந்தாலும் ஆடும். பேலன்ஸ் மெஷின்ல கோன் வச்சுப் பிடிக்கிறதால அங்க சரியாத்தான் காட்டும். வீலைக் கழட்டி முதல்ல ஓட்டையை அளந்து பாருங்க.

ஹரோ_அண்ணை:
தம்பி கார்த்தி, என்ர காரும் என்பிதான். வீட்டு வாசல்ல வைச்சுத்தான் எல்லா வேலையும் செய்யிறன். முதல்லயே சொல்லிப்போடுறன், இன்னும் 15 மி.மீ. இறக்கிற கதையை விடுங்கோ. ஸ்பேசரையும் விடுங்கோ.

கணக்கைப் பாருங்கோ. கொம்பனி றிம் 15க்கு 6, ஆஃப்செட் 40. பாதி அகலம் 76 மி.மீ., அதில 40 போனா ஹப் முகத்தில இருந்து வெளியால 36. உங்கட றிம்மில பாதி அகலம் 101, 20 போக 81. அப்ப வெளி விளிம்பு 45 மி.மீ. வெளியால வந்திட்டுது. உள்ளுக்குப் போனது வெறும் 5. அதாலதான் ஒடிக்கேக்க உரசுது. சில்லு ஸ்டீயரிங் அச்சில இருந்து தூரப் போகப் போக, திரும்பேக்க பெரிய வட்டம் போடும். மட்காட்டும் முன் பம்பரும் சேருற இடத்தில ஒரு ஸ்குறூ இருக்கு, அதைச் சுத்தி லைனர் (மட்காட்டின்ர உள் மறைப்பு) பளபளப்பா தேஞ்சிருக்கோ எண்டு ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. பெரும்பாலும் அங்கதான். ரோட்டுத் தடத்துக்கு ஸ்டீயரிங் இழுக்கிறதும் இதாலதான் எண்டு நினைக்கிறன், நீங்கள் எழுதேல்லை, ஆனா இழுக்கும்.

இப்ப உயரம். எதில இருந்து அளந்தனீங்கள்? நிலத்தில இருந்தெண்டால் அந்த 8 மி.மீ.யை மறந்திடுங்கோ. டிரைவ்வே எல்லாம் தண்ணி ஓடச் சரிச்சுத்தான் போடுவாங்கள். ரயர் காத்தும் கணக்கில வரும். சில்லின்ர நடுவில இருந்து மட்காட் விளிம்புக்கு நேர அளவுங்கோ. அதுக்கு முதல் காரை முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் உருட்டுங்கோ. ஜாக்கில இருந்து இறக்கின உடனை சில்லு உள்ளுக்கு ஒடுங்கி நிக்கும், கார் உயரமாத் தெரியும், அதை நம்பிக் கொலரை (ஸ்பிறிங் குந்திற திருகு வளையம்) திருகினால் பிறகு பிழைக்கும். சீற்றில உங்கட நிறைக்கு ஏதாவது வையுங்கோ, நான் மணல் மூட்டை வைக்கிறன். என்ர கார் முன்னுக்கு 325, பின்னுக்கு 335. அதுக்குக் கீழ போக மாட்டன்.

ஏன் எண்டால் என்பிக்கு சஸ்பென்ஷன் ஓட்டமே குறைவு. கொலர் மட்டும் திருகிற காயில்ஓவரில ஸ்பிறிங் இருக்கையைக் கீழ இறக்கினால், டாம்பர் (ஷொக் அப்சோபர்) கார் சும்மா நிக்கேக்கயே பாதி உள்ளுக்குப் போயிருக்கும். ஒரு ஹம்ப் (வேகத்தடை) வந்தால் பம்ப் ஸ்ரொப்பில (ஓட்டம் முடியிற இடத்துத் தடுப்பு ரப்பர்) போய்க் குந்தும். இந்த நாட்டில ஹம்ப் 100 மி.மீ. வரைக்கும் போடலாம், யோசியுங்கோ. கீழ் மவுண்டையும் தனியாத் திருகிற வகையெண்டால் டாம்பர் ஓட்டம் குறையாது, ஆனா அப்ப ரயர்தான் மேல போய் முட்டும்.

இன்னொண்டு. டபிள் விஷ்போனில (சில்லை மேலயும் கீழயும் ஒவ்வொரு ஆம் பிடிக்கிற அமைப்பு) டாம்பர் ஆமின்ர நுனியில இல்லை, கொஞ்சம் உள்ளுக்கு நிக்குது. கொலரில 10 மி.மீ. திருகினால் மட்காட்டில 13, 14 மாறும். ஒரு மூலையை மட்டும் வடிவுக்காக ஏத்தி இறக்கினால் குறுக்கு நிறை மாறிப்போகும், நாலு காலில ஒண்டு கட்டையான கதிரை மாதிரி. பிறேக் அடிக்கேக்க ஒரு முன் சில்லு முந்திப் பிடிக்கும். இடம் வலம் ரெண்டு மூண்டு மி.மீ. வித்தியாசம் எண்டால் தொடாதேங்கோ. அதுக்கு மேலயெண்டால், அன்ரிறோல் பாரின்ர (கார் சாயாமல் இடம் வலம் இணைக்கிற கம்பி) லிங்கை ஒரு பக்கம் கழட்டிப்போட்டுத் திரும்ப அளவுங்கோ. அது முறுகிக்கொண்டு ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறது உண்டு.

மட்காட்டை உருட்டிறது கடைசி வேலை. உங்கட பெயின்ற் 25 வருசத்துக்கு மேல. ஹீற் கண் (சூட்டுக் காத்து அடிக்கிற கருவி) பிடிக்காமல் மடிச்சால் வெடிக்கும், வெடிச்ச இடத்தில அடுத்த குளிருக்கு உப்புத்தண்ணி போய்க் கறள்தான்.

எங்க முட்டுது எண்டு சரியா அறிய வேணுமெண்டால், ஒரு மூலையில ஸ்பிறிங்கைக் கழட்டி, டாம்பரை பம்ப் ஸ்ரொப்போட மட்டும் திருப்பிப் பூட்டுங்கோ. காரை ஸ்ராண்டில நிப்பாட்டி, சில்லைப் பூட்டி, ஜாக்கால சஸ்பென்ஷன் ஆமின்ர அடியை மெல்ல மெல்லத் தூக்கி ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கோ. ரோட்டில ஓடித் தேடுற வேலையே இல்லை. ஸ்ராண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கில செய்யாதேங்கோ.

எல்லாம் முடிச்சபிறகு, கார் நிலத்தில நிக்கேக்க ஆம் போல்ட்டுகளைத் தளத்தி இறுக்க வேணும். ரப்பர் புஷ் பழைய உயரத்தில இறுக்கினபடி இருந்தால் முறுகிக் கிழியும். கீழ் ஆமில அதே போல்ட்தான் அலைன்மென்ற் கேம், அதாவது சில்லின்ர கோணத்தைத் திருத்திறது. துருப்பிடிச்சு அசையாமல் நிக்கும், ரெண்டு நாளுக்கு முதலே எண்ணெய் அடிச்சு வையுங்கோ. உயரம் வைச்சுப் பிறகுதான் அலைன்மென்ற், மாறிச் செய்தால் காசு தண்டம்.

எம்கே_கார்த்தி:
அண்ணா, ரவி ப்ரோ, ரெண்டு பேருக்கும் நன்றி. வீல் ஓட்டை 73.1தான், ரிங் இல்லவே இல்ல. வாங்கிப் போட்டேன், நடுக்கம் போயிடுச்சு. நடுவுல இருந்து அளந்தா இடது 331, வலது 329. உரசுறது நீங்க சொன்ன அதே ஸ்க்ரூ பக்கம்தான், லைனர்ல ஒரு விரல் அகலத்துக்குத் தேஞ்சு வழவழன்னு இருக்கு. 195/50 டயர் போட்டா தீருமா?

ஹரோ_அண்ணை:
331, 329 எண்டால் கொலரைத் தொடாதேங்கோ. 195/50 விட்டம் 10 மி.மீ. குறைவு, அப்ப பக்கத்துக்கு 5 மி.மீ. இடம் கிடைக்கும். ஆனா 8 இஞ்சி றிம்மில அது இழுபட்டு நிக்கும், உரசல் குறையும், முழுக்கப் போகும் எண்டு சொல்ல மாட்டன். நானெண்டால் அந்த றிம்மை வித்துப்போட்டு 15க்கு 7, ஆஃப்செட் 30 எடுப்பன். வெளியால 23 மி.மீ.தான் கூடும். காரும் நிறைஞ்சு நிக்கும், ஸ்டீயரிங்கும் இலகுவாயிருக்கும். இன்சூரன்ஸ்காரருக்கு றிம், காயில்ஓவர் ரெண்டையும் சொல்லிட்டியளோ? எம்ஓடிக்கு (வருசாந்த வாகனச் சோதனை) முதல் ஹெட்லைட் உயரத்தையும் திருத்துங்கோ, முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கேல்லையெண்டால் அதின்ர குறி மாறும்.

டயர்பே_ரவி:
வீல் விக்கிறதா இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. 4க்கு 100 (4 நட்டு, 100 மி.மீ. வட்டம்) தானே?