தினம் 70 லிட்டர் தண்ணீர், நாலு பாத்தி: வறட்சியில் காய்கறியைக் காப்பாற்றுவது எப்படி?

பாத்திக்காரன்:

5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் நாலு பாத்திகள். தக்காளி, வெண்டை, பீன்ஸ், தண்டுக்கீரை இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டதால் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 70 லிட்டருக்கு மேல் கிடைக்காது. அதைத் தினமும் சாயங்காலம் நாலு பாத்திக்கும் பிரித்து ஊற்றுகிறேன்.

மதியம் எல்லாச் செடியும் துவண்டுவிடுகிறது. தக்காளியில் பூ நிறைய வருகிறது, ஆனால் உதிர்ந்துபோகிறது; பிடித்த நாலைந்து காயிலும் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுகிறது. பீன்ஸ் இலையின் ஓரம் தீய்ந்திருக்கிறது. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இன்னொரு பிரச்சினை, மழை வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை. விதைத்த பிறகு வாரக்கணக்கில் காய்ந்து, அப்புறம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. விதைப்பை எதை வைத்து முடிவு செய்வது? பானை புதைப்பது நல்லதா, சொட்டுநீர் நல்லதா?

மண்வெட்டி:

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். நல்ல வெயிலில், காற்றும் வறண்டிருந்தால், நன்கு வளர்ந்த காய்கறிப் பாத்தி நாளுக்கு 6 மி.மீ. வரை இழுக்கும். உங்கள் நாலு பாத்தி 24 சதுர மீட்டர். ஆக 144 லிட்டர் வேண்டும். இருப்பது அதில் பாதிகூட இல்லை. பாதித் தண்ணீரை எல்லோருக்கும் பங்கு போட்டால் எல்லாச் செடியும் உயிரோடு இருக்கும், எதுவும் காய்க்காது. இப்போது அதுதான் நடக்கிறது.

இரண்டு பாத்தியை விட்டுவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் விடுங்கள். மீதி இரண்டுக்கு மூடாக்கும் (மண்ணை மூடும் சருகு) நிழல்வலையும் போட்டால் தேவை சதுர மீட்டருக்குச் சுமார் 4.5 லிட்டருக்கு இறங்கும். 12 சதுர மீட்டருக்கு 54 லிட்டர். மிச்சம் 16 லிட்டர் நாற்றுக்கு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். மேல் 5 செ.மீ. மட்டும் நனைந்து மறுநாள் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். வேரும் அந்த 5 செ.மீ.க்குள்ளேயே படர்ந்து நிற்கும். வண்டல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய நீரைச் சுமார் 150 மி.மீ. பிடித்துவைக்கும். வேர் இருக்கும் 30 செ.மீ.க்கு 45 மி.மீ. அதில் பாதி தீரும்வரை செடிக்குக் கஷ்டமில்லை. 22 மி.மீ.யை 4.5 ஆல் வகுத்தால் 5 நாள். அதாவது ஒரு பாத்திக்கு 5 நாளுக்கு ஒருமுறை 130 லிட்டர், ஒரே தடவையில். 200 லிட்டர் டிரம் ஒன்று வைத்துத் தண்ணீரைச் சேர்த்து, பாத்திகளுக்கு முறைபோட்டு விடுங்கள். அதிகாலையில் விடுவது நல்லது.

மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. காய்ந்த சருகு, வைக்கோல், எது கிடைத்தாலும் சரி. நன்றாக நீர் பாய்ச்சிய பிறகுதான் போட வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் பிறகு பெய்யும் சிறு தூறலையும் மூடாக்கே குடித்துவிடும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் கழுத்தழுகல் வரும். பச்சைப் புல்லைக் கனமாகக் கொட்டாதீர்கள். சூடேறி, அப்பிக்கொண்டு, தண்ணீரே இறங்காத பாயாகிவிடும்.

சுரைக்கொடி:

மண்வெட்டி சொன்ன 5 நாள் கணக்கு எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. மணல்சாரி மண்ணானால் மீட்டருக்கு 70 மி.மீ. போலத்தான் பிடிக்கும். 30 செ.மீ.க்கு 21, அதில் பாதி 10. இரண்டு நாளுக்கு ஒருமுறை விட்டாக வேண்டும். அங்கே 130 லிட்டரை ஒரே நேரத்தில் ஊற்றினால் பாதி வேருக்குக் கீழே போய்விடும். ஈரமண்ணை உருண்டை பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் மணல்சாரி.

எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்க்க, பாய்ச்சி முடித்து ஓரிரு மணி நேரம் கழித்து ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகுங்கள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த அடுக்கு வந்ததும் நின்றுவிடும்.

மதியம் துவள்வதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் எடுப்பதைவிட இலை வேகமாக இழப்பதால் மதியத்தில் துவளும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் அவசரமில்லை. விடிகாலையில் துவண்டிருந்தால்தான் உண்மையான தாகம். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் அது வேரழுகல், வாடல் நோய் அல்லது வேரைத் தாக்கும் நூற்புழு. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது கொல்வதற்குச் சமம்.

தண்ணீர் தட்டுப்பாட்டில் எப்போது குறைக்கலாம், எப்போது கூடாது என்பதும் முக்கியம். வெண்டை, பயறு வகைகளுக்குப் பூப்பதற்கு முன் கொஞ்சம் காயவிட்டாலும் மீண்டுவிடும். பூவும் பிஞ்சும் இருக்கும்போது காய்ந்தால் விளைச்சல் போச்சு. கீரைக்கு அப்படிச் சலுகைக் காலமே கிடையாது.

நாற்றங்கால்:

தக்காளியில் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

பூ உதிர்வது சூட்டினால். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். இதற்கு உரமோ டானிக்கோ தீர்வல்ல. தழைச்சத்து கொடுத்தால் இலைதான் தள்ளும், தண்ணீர்ச் செலவு கூடும். செடியை உயிரோடு வைத்திருந்தால் இரவுகள் குளிர்ந்ததும் மறுபடி பிடிக்கும். சிறுபழ வகைகள் இந்தச் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெயிலை 35 சதவீதம் மறைக்கும் நிழல்வலை போதும், செடிக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு, மேற்குப் பக்கம் தாழ இறக்கிக் கட்டுங்கள். காய்க்கும் செடிக்கு 75 சதவீத வலை போட்டால் கொடி நீளுமே தவிரக் காய் வராது. கீரைக்கு 50 சதவீதம் சரி.

அடிப்பக்கம் கறுப்பது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச்சேராததால். மண்ணில் சத்து இல்லை என்று அர்த்தமில்லை. அது தண்ணீரோடுதான் பயணிக்கும். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்றிருந்தால் இலை முந்திக்கொள்ளும், காயின் நுனி பட்டினி கிடக்கும். முட்டையோட்டுத் தூள் இந்தப் பருவத்துக்குள் கரைந்து உதவாது. கறுத்த காய்களைக் கிள்ளிப்போட்டுவிட்டு நீர்ப்பாய்ச்சலை ஒழுங்குபடுத்துங்கள், அடுத்த குலை சரியாக வரும்.

இலையடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசிக்குத்துப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. வறட்சியில் தவறாமல் வரும். அதிகாலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்கு 1 மி.லி. திரவ சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். தாகத்தில் இருக்கும் செடிக்கு அடித்தால் இலை கருகும். முதலில் நீர், மறுநாள் எண்ணெய்.

உவர்நிலம்:

பீன்ஸ் இலையோரம் தீய்வதும் மண்மேல் வெள்ளை பூப்பதும் ஒரே கதை, உப்பு. நீர்மட்டம் இறங்க இறங்க ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு கூடுவது சாதாரணம். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். பாசன நீரின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு டெசிசைமன்ஸ் கணக்கில்) 0.7ஐத் தாண்டினாலே பீன்ஸும் கேரட்டும் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 1.7, பீட்ரூட்டுக்கு 2.7, தட்டைப்பயறுக்கு 3.3. டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர்தான் இருக்கிறது என்றால் காட்டும் எண்ணை 640 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இ.சி. வரும், சில மீட்டர்கள் 500ஐ வைத்துக் கணக்கிடும், அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை இலைமேல் தெளிக்க வேண்டாம், உப்பு இலையிலேயே காய்ந்து சுடும். பாய்ச்சும்போது தேவைக்கு மேல் 15 சதவீதம் சேர்த்து விடுங்கள், அதுதான் உப்பை வேருக்குக் கீழே தள்ளும். வறட்சியில் அது வீண்செலவு மாதிரித் தெரியும், ஆனால் தள்ளாவிட்டால் இருக்கும் ஈரத்தையும் வேரால் உறிஞ்ச முடியாது. ரசாயன உரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அதுவும் உப்புதான். கடினநீரை மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் நீர் தோட்டத்துக்கு ஆகாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, மண் இறுகிவிடும்.

சொட்டுநீர் போடுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: சொட்டும் இடத்திலிருந்து உப்பு விளிம்புக்குத் தள்ளப்பட்டு வளையமாக நிற்கும். லேசான மழை வந்தால் அந்த உப்பு திரும்ப வேருக்கே வரும். அதனால் முதல் சிறுமழையின்போது சொட்டுநீரை மூடாமல் ஓடவிடுங்கள்.

பாத்திக்காரன்:

உருண்டை நிற்கவில்லை, உதிர்கிறது. டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது, கையேட்டில் 640 என்றுதான் இருக்கிறது. அப்படியானால் பீன்ஸை எடுத்துவிடலாமா? பானையா சொட்டுநீரா என்பதும் விதைப்பும் இன்னும் பாக்கி.

மண்வெட்டி:

900 என்றால் இ.சி. 1.4. பீன்ஸை எடுத்துவிட்டுத் தட்டைப்பயறு அல்லது கொத்தவரை போடுங்கள், இரண்டும் உப்பையும் வறட்சியையும் தாங்கும். தக்காளி எல்லைக்குள் இருக்கிறது. சுரைக்கொடி சரியாகத்தான் பிடித்தார், என் 5 நாளை மறந்துவிடுங்கள். ஒரு பாத்திக்கு இரண்டு நாளைக்கு 54 லிட்டர், உப்புக்காக 15 சதவீதம் சேர்த்து 62. ஒருநாள் ஒரு பாத்தி, மறுநாள் அடுத்தது. தினம் 8 லிட்டர் மிஞ்சும். நாற்றங்காலுக்கு அது தாராளம்.

விட்ட இரண்டு பாத்தியை வெறுமனே காயவிடாதீர்கள். நூற்புழு சந்தேகம் இருந்தால் ஒருமுறை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து 4 முதல் 6 வாரம் விடலாம், வெயில் சூட்டில் புழு குறையும். கறுப்புத் தாளில் அந்த அளவு சூடு இறங்காது. சந்தேகம் இல்லையென்றால் மூடாக்கு மட்டும் போதும்.

சுரைக்கொடி:

பானை: வண்ணமோ மெருகோ பூசாத மண்பானையாக இருக்க வேண்டும். நிரப்பிவைத்து மறுநாள் வெளிப்புறம் ஈரமாக இருந்தால்தான் கசிகிறது என்று அர்த்தம். கழுத்து மண்ணுக்கு மேல் 2 செ.மீ. தெரியும்படி புதைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தி இடைவெளி இல்லாமல் செய்யுங்கள். மூடி கட்டாயம், கொசுவுக்காகவும் ஆவியாதலுக்காகவும். ஆனால் மணல்சாரியில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது. 8 லிட்டர் பானையைச் சுற்றி ஒரு அடிக்குள் இருக்கும் செடிக்குத்தான் பலன். உங்கள் உப்புநீரில் நாளடைவில் துளைகளும் அடையும். பூசணி, சுரை மாதிரி குழிப்பயிருக்குப் பானை வையுங்கள், பாத்திக்குச் சொட்டுநீர்தான்.

டிரம்மை 1.5 மீட்டர் உயரத்தில் வைத்தால் கிடைக்கும் அழுத்தம் 0.15 பார் மட்டுமே. அழுத்தச் சீராக்கி உள்ள டிரிப்பர்கள் (சொட்டுவிடும் முனைகள்) இதில் திறக்காது. சாதாரண 4 லிட்டர் டிரிப்பர் வாங்குங்கள்; அது 1 பாரில் 4 லிட்டர், இங்கே மணிக்கு 1.5 லிட்டர் போலத் தரும். 30 செ.மீ. இடைவெளியில் பாத்திக்கு இரண்டு வரி, வரிக்கு 17 டிரிப்பர். மொத்தம் மணிக்கு 51 லிட்டர், 62 லிட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். டிரம்மில் மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால் கடிகாரத்தைவிட டிரம்மின் அளவுக்கோட்டை நம்புங்கள். 120 மெஷ் (கண்ணி அளவு) வடிகட்டி வேண்டும். வாரம் ஒருமுறை வரியின் கடைசி மூடியைத் திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிடுங்கள்.

நாற்றங்கால்:

விதைப்பு பற்றி. தேதியை வைத்துக்கொண்டு விதைத்தால் இப்போதைய பருவத்தில் ஏமாறுவீர்கள். இரண்டு அளவுகள் போதும், மண்ணின் ஈர ஆழம், மண்ணின் சூடு.

முதல் மழை நாலு தூறலோடு நின்றுவிட்டால் விதை முளைத்துச் சாகும், முளைக்காமல் இருந்திருந்தாலாவது மிஞ்சியிருக்கும். கம்பியைச் செருகி ஈரம் 15 செ.மீ.க்குக் கீழே போயிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காத்திருங்கள், அல்லது நாற்றுவிட்டு நடுங்கள். சூட்டுக்கு, 5 செ.மீ. ஆழத்தில் காலையில் தொடர்ந்து சில நாள் அளக்க வேண்டும். வெண்டை, பூசணி வகைகளுக்கு 18 டிகிரிக்குக் கீழே போடாதீர்கள், மெதுவாக முளைத்து அழுகும். லெட்டூஸ், ஸ்பினாச் கீரை நேர்மாறு. 30 டிகிரிக்கு மேல் விதை உறங்கிவிடும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் மூன்று பங்காக்கி 12 நாள் இடைவெளியில் போடுங்கள். ஒரு பங்கு வெயிலில் போனாலும் இன்னொன்று தப்பும். வெண்டை, பாகல் விதையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைக்கலாம். பயறு வகைகளை இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள், தோல் வெடித்து முளை கெடும்.

ஒரே நாளில் கொட்டும் மழைக்கும் வழி வைத்துக்கொள்ளுங்கள். வறட்சிக்காகப் பள்ளப் பாத்தி எடுத்தவர்கள் ஒரு மூலையில் கரையை வெட்டிவிட வழி விட்டு, சாதாரண நாளில் மண்ணால் அடைத்துவைக்கலாம். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கிய தக்காளியைப் பறித்துவிடுங்கள், வீட்டுக்குள்ளேயே பழுக்கும். கொடியில் விட்டால் வெடிக்கும். மழை ஓய்ந்து சில நாளில் அடியிலைகள் மஞ்சளானால் தழைச்சத்து கரைந்து போய்விட்டது என்று பொருள். மணல்சாரியில் இது சீக்கிரம் நடக்கும். மண் வடிந்த பிறகு சதுர மீட்டருக்கு ஓரிரு கிலோ மக்கிய உரத்தை மேலாகப் போட்டு மூடாக்கைத் திரும்ப இழுத்துவிடுங்கள்.

உவர்நிலம்:

அந்தப் பெருமழையைக் கூரையிலிருந்து பிடியுங்கள். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர், சிந்தியது போக 800 தேறும். முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதில்தான். சேர்த்த நீரை ஆழ்துளை நீரோடு சரிபாதி கலந்தால் உங்கள் 1.4 இ.சி. 0.7க்கு வந்துவிடும். கலந்ததை நாற்றங்காலுக்கு முதலில் கொடுங்கள், இளம் வேர்தான் உப்புக்கு அதிகம் அஞ்சும்.