ஆஸ்லோ 1960 ஜூலை: ஒரே நிரல், இரண்டு விடை

கேள்வி:
பைத்தானில் ஐரோப்பா/ஆஸ்லோ மண்டலத்தில் 1960 ஜூலை 1, பகல் 12 மணியை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றினால், டெபியன் லினக்ஸ் சர்வரில் 10:00 வருகிறது, கன்டெய்னரில் (தனியாகப் பிரித்து வைத்த இயங்கு சூழல்) 11:00 வருகிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எது சரி?

பதில் 1:
10:00தான் சரி. நார்வேயில் 1959 முதல் 1965 வரை கோடை நேரம் உண்டு. பெர்லினில் 1950 முதல் 1979 வரை கிடையாது. கணினிகள் நேர மண்டலங்களுக்குப் பார்க்கும் டிசட்டேட்டா டேட்டாபேஸின், 2022 ஆகஸ்டில் வந்த 2022பி வெளியீட்டில் ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் மூன்றும் பெர்லின் விவரத்தையே காட்டும் வெறும் லிங்க் ஆகிவிட்டன. பழைய விவரம் அழியவில்லை. பேக்ஸோன் என்ற கோப்பில் கிடக்கிறது, வழக்கமான பில்டில் சேராது. டெபியன் அதையும் சேர்த்தே பில்ட் செய்கிறது.

கன்டெய்னருக்கு டேட்டாபேஸை மூலத்திலிருந்து பில்ட் செய்யுங்கள். மேக் கட்டளையில் பேக்ராட்டேட்டா=பேக்ஸோன், பேக்ராட்லிஸ்ட்=ஸோன்.டேப் இரண்டையும் கொடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டால் அரைகுறை ஆதாரமுள்ள மண்டலங்களும் உள்ளே வந்துவிடும். பிறகு ஆஸ்லோவுக்கு இசட்டம்ப் (மண்டலத்தின் நேர மாற்றங்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டி, 1960 வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். கன்டெய்னர் இமேஜில் சிஸ்டத்தின் நேர மண்டலக் கோப்புகளே இல்லையென்றால் பைத்தான் தன் டிசட்டேட்டா பேக்கேஜுக்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

பதில் 2:
இப்படி மண்டலங்களைச் சேர்ப்பதற்குத்தான் 2021இல் அத்தனை சண்டை. 1970க்குப் பின் கடிகாரம் ஒத்துப்போனால் ஒரே மண்டலம் என்பது டேட்டாபேஸின் விதி. அங்கோலாவின் லுவாண்டாவை நைஜீரியாவின் லாகோஸோடு எப்போதோ சேர்த்தாயிற்று, ஐரோப்பாவுக்கு மட்டும் ஏன் சலுகை என்றார் டேட்டாபேஸ் ஒருங்கிணைப்பாளர் பால் எக்கர்ட். கேள்வி நியாயமானது, தீர்வுதான் தலைகீழ்: லுவாண்டாவுக்குத் தனி மண்டலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே! ரெய்க்யவிக்கை ஐவரி கோஸ்டின் அபிஜானோடு சேர்த்ததில் 1965 ஜனவரி ஐஸ்லாந்து நேரம் ஒரு மணி பிசகுகிறது. எதிர்த்தவர்கள் குளோபல்-டிசட் என்று தனிக்கிளை தொடங்கினார்கள். டேட்டாபேஸ் நிர்வாக நடைமுறையைச் சொல்லும் ஆர்எஃப்சி 6557 ஆவணப்படி, ஒருங்கிணைப்பாளர் முடிவை ஐஇஎஸ்ஜியிடம் (இணையத் தரநிலைகளை மேற்பார்க்கும் குழு) மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, பில்ட் மாற்றியதும் 10:00 வந்துவிட்டது. இப்படியே கொழும்பையும் கொல்கத்தாவோடு சேர்த்துவிடுவார்களா?

பதில் 1:
மாட்டார்கள். இலங்கை நேரம் 1996 மே மாதம் யுடிசி +6:30, அக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30. எல்லாம் 1970க்குப் பிறகு, அதனால் தனி மண்டலம்தான். இலங்கைத் தரவுக்கு ஆசியா/கொல்கத்தாவைப் போட்டால் அந்தப் பத்து ஆண்டுகள் கெடும்.

பதில் 3:
அதிலும் ஒரு ஓட்டை உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய +5:30தான். டேட்டாபேஸில் இருப்பதோ ஒரே கொழும்பு. 2003இல் கிளிநொச்சியில் உள்ளூர் நேரப்படி குறித்த பதிவு அரை மணி தவறும். அப்படிப்பட்ட தரவில் மண்டலப் பெயரோடு ஆஃப்செட்டையும் (யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசம்) தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள்.