படத்தில் இருப்பவருக்குப் புகைப்படக்காரர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

கேள்வி:
1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஆவணப் புகைப்படங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், உறைபனியில் பட்டாணிப் பயிர் கெட்டுப்போனதால் வேலையின்றித் தவித்த தொழிலாளர்களின் முகாமில் டோரத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அந்தப் பெண்ணின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். பலருக்கு நன்மை செய்த படம், அதில் இருப்பவருக்கு அநீதி இழைத்திருந்தால் அதை எப்படி மதிப்பிடுவது?

மறுமொழி 1:
படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லாங் அப்போது அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் பணியாற்றினார்; கிராமப்புற வறுமையை நாட்டுக்குக் காட்டி உதவித் திட்டங்களுக்கு ஆதரவு திரட்டுவதே ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையிலான அந்தப் புகைப்படப் பிரிவின் நோக்கம். படங்கள் பொதுச் சொத்து என்பதால் லாங்குக்கும் உரிமைத்தொகை கிடையாது. சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் செய்தி வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பப்பட்டது. எனவே அவர்மீது சுரண்டல் குற்றம் சாட்டுவது பொருந்தாது.

மறுமொழி 2:
அந்த உணவு வருவதற்குள் தாம்சனின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது படக்குறிப்புதான். தம் கணவரும் பொருளியலாளருமான பால் டெய்லருடன் பயணம் செய்தபோது, மக்கள் பேசியதை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளும் நல்ல வழக்கம் லாங்குக்கு இருந்தது. நிப்போமோவில் அவசரத்தில் அது விடுபட்டது. அதன் விளைவைப் பாருங்கள்: உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் எழுதினார், விற்பதற்கு டயர் எதுவும் தங்களிடம் இருக்கவில்லை என்று தாம்சனின் மகன் மறுத்தார். அதைவிட முக்கியமாக, தாம்சன் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதையே அறியாமல் ஒரு நாடு அந்த முகத்தைத் தன் வெள்ளைக்கார உழவர் குடும்பங்களின் அடையாளமாகப் பல ஆண்டுகள் கொண்டாடியது. பின்னர், படத்தில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த கட்டைவிரல் பார்வையைத் திருப்புகிறது என்று கருதி நெகடிவில் அதை மங்கச் செய்தார்கள். ஒரு விரலைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் பெயரைப் பற்றி யோசிக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

மறுமொழி 3:
நீங்கள் கேட்ட அநீதிக்கு மாற்று வழி அதே பிரிவுக்குள்ளேயே இருந்தது என்பதால் இதை எழுதுகிறேன். 1942-இல் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ், வாஷிங்டனில் அரசு அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்த எலா வாட்சன் என்ற பெண்ணை அமெரிக்கக் கொடியின் முன் துடைப்பத்தோடு நிறுத்தி எடுத்த படம் புகழ்பெற்றது. ஆனால் பார்க்ஸ் அதோடு நிற்கவில்லை. வாட்சனின் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். அவருடைய வீடு, பேரக்குழந்தைகள், தேவாலயம் என்று தொடர்ந்து சென்று படமெடுத்தார். பெயரும் அன்றே பதிவானது. வறுமை அங்கே ஒரு முகபாவமாகச் சுருங்காமல், கூலி, வாடகை, நிறவெறி ஆகியவற்றுக்கு நடுவே ஒருவர் நடத்தும் வாழ்க்கையாகத் தெரிகிறது. இரண்டு தொடர்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிப்போமோவில் லாங் எடுத்த மற்றப் படங்களையும் அங்கே பார்த்துவிட்டு, பார்க்ஸின் தொடரோடு ஒப்பிட்டு எழுதினால், உங்கள் கட்டுரை அந்த ஒற்றைப் படத்தைத் தாண்டிச் செல்லும்.